நாற்பத்து நான்காவது பெட்டி

“நான் வண்டியில போகமாட்டேன்” என்றாள் அட்ராக்டா. “தோள்ல போறேன். நாக்பான் மலைமேல ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, எங்கம்மா போன வழியில.”

அவள் புருஷன் ஃபெஸ்டி ருவேன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு, சைக்கிள் டியூபை முக்கி முக்கிப் பஞ்சர் எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தார். கடை வேலையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று முப்பத்தெட்டு வருஷம் சத்தம்போட்டவள் அவள். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்து அனுப்பிய அன்றைக்கு, “அந்த நாத்தம்பிடிச்ச டியூபெல்லாம் இங்கயே கொண்டாந்து ஒட்டேன்” என்று அவளே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து படுக்கையறையில் ரப்பர் வாசனைதான்.

“அதுக்கெல்லாம் இப்ப என்ன அவசரம்?”

“அவசரம் எனக்கில்ல, கேன்சருக்கு. மேல போய் மலக்கி அண்ணன்கிட்ட கேட்டுட்டு வா.”

“கேட்டா என்ன பதில் வரும்னு உனக்கே தெரியும்.”

“தெரியும். நான் கேட்டா அண்ணன் அழுதிரும், காரியம் நடக்காது. நீ கேட்டா சண்டை போடும். சண்டை போட்டா பாதிக்குப் பாதி வாய்ப்பிருக்கு.”

டியூபிலிருந்து குமிழி வந்தது. அந்த இடத்தை ஃபெஸ்டி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கேட்பதற்கு வாய் வேண்டுமே. அந்த வாயை வைத்துக்கொண்டு அவர் மூன்று வருஷமாக என்ன செய்திருந்தார் என்பது ட்ரமீன் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ட்ரமீன்காரர்கள் செத்தால் கிலமோரினில் புதைப்பார்கள். அங்கே ஏரிக்கரையில் ஒரு மடம் இருக்கிறது. கூரை போய் நானூறு வருஷம் ஆகிறது. கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல் மட்டும் யாருக்கோ காத்திருப்பதுபோல முழுசாக நிற்கும். ஊருக்கும் மடத்துக்கும் நடுவே நாக்பான் மலை. தார்ச்சாலை வருவதற்கு முன்னால் சவப்பெட்டியைத் தோளில் வைத்து மலையேறித்தான் போனார்கள். ஆறு பேர் தூக்க, ஆறு பேர் மாற்ற. மூச்சு வாங்குகிற இடத்தில் பெட்டியை இறக்குவார்கள். மறுபடி தூக்குமுன் ஆளுக்கொரு கல்லை அங்கே போடுவார்கள். அப்படிச் சேர்ந்த கற்குவியல் ஏழு, வழிநெடுக இருக்கின்றன. எழுபத்தொன்றாம் வருஷம் அட்ராக்டாவின் அம்மா போனதுதான் கடைசி. அப்போது அட்ராக்டாவுக்குப் பத்து வயது. அண்ணன் மலக்கிக்குப் பதினாறு. முதன்முதலாகத் தோள் கொடுத்தது அம்மாவுக்குத்தான். பிறகு ஏரியைச் சுற்றிச் சாலை வந்தது, கறுப்பு வண்டி வந்தது, ஊர்க்காரர்களின் தோளுக்கு ஓய்வு கிடைத்தது.

செத்தவர்கள் விட்ட பாதையை உயிரோடு இருக்கிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள். எந்தப் புத்தகத்தில் பார்த்தார்களோ, டச்சுக்காரர்களும் ஜெர்மன்காரர்களும் டப்ளின்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். மூடிக்கிடந்த பால் சொசைட்டிக் கட்டடத்தில் ஃபெஸ்டி இருபது சைக்கிள் வாங்கிப்போட்டு வாடகைக்கு விட்டார். ஏரியைச் சுற்றிச் சைக்கிளில் மடத்துக்குப் போவது, மடத்தைப் பார்ப்பது, சைக்கிளை அங்கே விட்டுவிட்டு மலைமேல் நடந்து திரும்புவது. நடந்து வந்தவர்களுக்கு அட்ராக்டாவின் சூப்பும் சோடா ரொட்டியும். பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டில் கோடை முழுக்க யாராவது ஈரக் காலுறையை அடுப்பில் காயப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை வைத்து ஊரில் இன்னும் ஏழெட்டு வீடு பிழைத்தது.

பாதை நடுவில் பத்தொன்பது ஏக்கர் மலக்கி டர்க்கனுடையது. கல்யாணம் செய்துகொள்ளாத மனுஷன். அந்த நிலமும் அறுபது ஆடும்தான் அவருக்கு எல்லாம். முதலில் அவர் ஒன்றும் சொல்லவில்லை, போகிறவர்களுக்குக் கை காட்டவும் செய்தார். அப்புறம் நடக்க வந்த ஒருவரின் நாய் பதினோரு குட்டிகளைக் குதறிப்போட்டது. அடுத்த கோடையில் ஒரு அம்மாள் அவருடைய கல்சுவரில் சறுக்கி விழுந்து, ஊருக்குப் போய் வக்கீல் கடிதம் அனுப்பினாள். மலக்கி இரும்புக் கதவைச் சாத்திச் சங்கிலி போட்டார்.

ஃபெஸ்டி அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. பழம்பாதைக் குழு என்று ஒன்று சேர்த்து, உடுப்புக்கு மேலே போட்டுக்கொள்ள, முதுகில் பெயர் அச்சடித்த மஞ்சள் கையில்லாச் சட்டை தைத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கிழவர் கிழவிகள் வீட்டுக்கெல்லாம் போனார். பிணம் போன வழி எல்லோருக்கும் வழி என்று அந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. எந்தப் பெட்டி, எந்த வருஷம், யார் யார் தூக்கினார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். நாற்பத்து மூன்று பெட்டி சேர்ந்தது. நாற்பத்து மூன்றாவது அவருடைய மாமியார். அதை அட்ராக்டாவிடம் கேட்டு எழுதினார், அவளும் ரொட்டிமாவுக் கையோடு சொன்னாள். பாதையைப் பொதுவழி ஆக்கச் சொல்லி நோட்டு கவுன்சிலுக்குப் போனது; ஜூன் மாதம் விசாரணை.

மறுநாள் காலை ஃபெஸ்டி மேலே போனபோது மலக்கி ஆட்டுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். ஆட்டைப் பிட்டத்தில் உட்காரவைத்து, முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, குளம்பில் அழுகின இடத்தைக் கத்தரியால் சீவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“நோட்டு கொண்டாந்திருக்கியா மாப்ள? ஆடு பேரெல்லாம் எழுதிக்கிறியா?”

“இல்ல மச்சான். அட்ராக்டா அனுப்பினா.”

கத்தரி நின்றது. “எப்படி இருக்கா?”

“நாலு வாரம்கிறாங்க. நர்சு சொல்றதைப் பார்த்தா அதுவும் இல்ல.”

மலக்கி ஆட்டை விட்டார். அது நொண்டிக்கொண்டே ஓடியது. ஃபெஸ்டி பட்டிக்குள் இறங்கி அடுத்ததைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். பழைய பழக்கம், யாரும் சொல்லத் தேவையில்லை. மூன்று வருஷத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் ஒரே ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“தோள்ல போகணுமாம்” என்றார் ஃபெஸ்டி. “அம்மா போன வழியில.”

மலக்கி நாலு குளம்பையும் சீவி முடித்தார்.

“எங்க வக்கீல் என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? அம்பது வருஷமா ஒரு பொட்டிகூடப் போகல, அதுதான் நம்ம பலம். விசாரணை வரைக்கும் கதவு வழியா ஒரு செத்த பூனையைக்கூட விட்டுராதீங்கன்னான். ஒரு பொட்டி போச்சுன்னா முடிஞ்சுது.”

“கேசை நான் வாபஸ் வாங்கிர்றேன்.”

“உன் கேசா அது? கவுன்சில் கேசு. நீ வெறும் சாட்சி. வண்டியைத் தள்ளி உருட்டி விட்டுட்டு, இப்ப பிரேக்கு எங்கன்னு என்னைக் கேக்குற.”

“தப்புதான்.”

“என்ன சொன்ன?”

“தப்புதான்னேன். காது கேக்காதா?”

“கேட்டுச்சு. இன்னொரு தரம் கேட்டா நல்லா இருக்குமேன்னு பார்த்தேன்.” மலக்கி ஆட்டின் காலை உதறிவிட்டார். “நான் ஒண்டிக்கட்டை, மாப்ள. வழுக்கி விழுறவ எல்லாம் என் மேல கேசு போட்டா நான் எங்க போவேன்? நிலம் போனா எனக்குச் சோறு போட ஊரா வரும்? நீங்க சைக்கிளும் சூப்புமா இருக்கீங்க. எனக்கு இந்தப் பத்தொம்பது ஏக்கர்தான் பொண்டாட்டி.”

ஃபெஸ்டி அடுத்த ஆட்டைப் பிடித்தார். பத்து ஆடு முடிகிற வரைக்கும் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மலக்கி தானாகவே வந்தார். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஓட்டைக் காலுறையோடு கட்டிலருகே வந்து நின்றார். அட்ராக்டா கண்ணைத் திறந்து, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“அண்ணே, அந்தச் சட்டையை யாரு துவைச்சா? மழையா?”

“மழைக்கு இந்த வருஷம் வேற வேலை இல்லயே.”

“மேல இருக்கிற பொத்தான் காணோம். கொண்டா, தைச்சுத் தர்றேன்.”

“சும்மா கிட.”

“கிடக்கத்தான் போறேன். எங்க கிடக்கிறதுன்னுதான் பேச்சு.” அவள் கையை நீட்டினாள். மலக்கி அந்தக் கையைப் பிடித்தார். சாணமும் ஆட்டு மருந்தும் காய்ந்த அவருடைய கைக்குள் அது காணாமல் போனது. “அம்மா போறப்ப நான் பின்னாலயே ஓடி வந்தேன். பாதி மலையில என்னை யாரோ தூக்கிக்கிட்டாங்க. யாருன்னு ஞாபகமில்ல. மேல இருந்து பார்த்தா ரெண்டு பக்கமும் தெரிஞ்சுது, நம்ம வீட்டுப் புகையும் மடமும். வண்டியில போனா ஒண்ணும் தெரியாதுண்ணே. சாலை முழுக்க வேலிதான்.”

“செத்தவளுக்கு என்னடி தெரியப்போகுது?”

“உனக்குத் தெரியுமில்ல.”

மலக்கி அழுதார். தங்கைக்காரி முன்னாலேயே சொன்ன மாதிரிதான். ஃபெஸ்டி டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குப் போய், கொதித்த தண்ணீரையே மறுபடி கொதிக்கவைத்துக்கொண்டு நின்றார்.

திரும்பிப் போகையில் மலக்கி முற்றத்தில் நின்றார். முகத்தைப் பார்க்காமல், கிடங்குச் சுவரில் சாய்ந்திருந்த சைக்கிள்களைப் பார்த்துப் பேசினார்.

“திறக்கிறேன். என் தங்கச்சிக்குத் திறக்கிறேன், பாதைக்கில்ல. நோட்டு இருக்கக் கூடாது. போட்டோ எடுக்கக் கூடாது. அந்த மஞ்சச் சட்டை ஒண்ணுகூட என் கண்ணுல படக் கூடாது. ஊர்க்காரனா எத்தனை பேர் வந்தாலும் வரட்டும்.”

“சரி.”

“வாக்கா?”

“வாக்கு, மச்சான்.”

ஃபெஸ்டி உள்ளே போய்ச் சொன்னார். அட்ராக்டா சிரித்தாள். அன்று சாயங்காலம் அரை முட்டை சாப்பிட்டாள். ஃபெஸ்டிக்கும் அந்த ஒரு சாயங்காலம் சந்தோஷமாகவே இருந்தது. குழுவில் சொல்லவேண்டியதைச் சொல்லிக்கொள்ளலாம், நாள் இருக்கிறது என்று நினைத்தார். நாள் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை, ஒட்டிய டியூபுக்கு அவர் காற்றடித்துக்கொண்டிருக்கும்போது அவள் போய்விட்டாள். பம்பை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பம்பின் எத்தனையாவது அடியில் போனாள் என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

புதன்கிழமை முழுக்க வீட்டில் கூட்டம். பெட்டி கூடத்தில் திறந்திருந்தது. வரிசையாக வந்து அவளைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, ஃபெஸ்டியின் கையைப் பிடித்து, “துக்கத்துல பங்கெடுக்கிறோம்” என்று ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய் டீயும் ஹாம் வைத்த ரொட்டியும் சாப்பிட்டார்கள். மதியத்துக்குள் முந்நூறு கை பிடித்திருப்பார். வலது கை வீங்கிப்போனது. முகமெல்லாம் ஒன்றோடொன்று கலந்து, வந்தவர் யார் போனவர் யார் என்று தெரியாத நிலையில்தான் குழுவின் செயலாளர் கன்செப்டா லாஃப்டஸ் வந்தாள். நல்ல மனுஷி. அட்ராக்டாவுக்காக அழுதழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது.

“ஃபெஸ்டி, நம்ம ஆளுங்க எல்லாம் மரியாதைக்கு ரெண்டு பக்கமும் வரிசை நிக்கணும்னு ஆசைப்படுறாங்க. அவ எங்களுக்குப் போட்ட சோத்துக்கு இதுகூடச் செய்யலன்னா எப்படி? நிக்கட்டுமா?”

“நில்லுங்க, நில்லுங்க” என்றார் ஃபெஸ்டி. “ரொம்ப நன்றி.” அடுத்த கை வந்துவிட்டது, அதைப் பிடித்தார்.

அங்கே அதுதான் வழக்கம். கால்பந்து ஆடினவன் செத்தால் கால்பந்துக்காரர்கள் பனியன் போட்டுக்கொண்டு இரண்டு வரிசையாக நிற்பார்கள், படகுக்காரன் செத்தால் படகுக்காரர்கள். எந்தச் சங்கமோ அந்தச் சங்கத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதுதான் மரியாதை. கன்செப்டாவுக்கும் அது தெரியும், ஃபெஸ்டிக்கும் தெரியும். ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

வியாழக்கிழமை அந்த வருஷத்தின் முதல் நல்ல வெயில். பூசை முடிந்து பெட்டியை வெளியே கொண்டுவந்தபோது, பூட்டிக்கிடந்த சைக்கிள் கடை வாசலில் நான்கைந்து வெளியூர்க்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தொப்பியைக் கழற்றினார்கள். மலையடிவாரம் வரைக்கும் வண்டியில், அங்கிருந்து தோளில். இருக்க வேண்டாமென்று சொல்லியும் கறுப்பு வண்டிக்காரர் அடிவாரத்திலேயே காத்திருந்தார். ஃபெஸ்டி இடப்பக்கம் முன்னால் தோள் கொடுத்தார். ஜோடியாகத் தூக்குகிறவர்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள், அப்போதுதான் பெட்டி ஆடாது. அவருக்கு ஜோடியாகப் பால் வண்டி ஓட்டுகிற கேரோன். பின்னால் பாதிரியார், அதற்குப் பின்னால் நூறு பேர். கனமே இல்லை. அவள் எப்போதும் இப்படி இருந்ததில்லை என்று ஃபெஸ்டி நினைத்தார்.

முதல் கற்குவியலில் இறக்கினார்கள். ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் கல் விழுந்தது. ஃபெஸ்டியும் ஒன்று போட்டார். பாதையின் இரண்டு ஓரமும் புல்லும் நாணலும் வெட்டியிருந்தன, புது வெட்டு. அந்த வேலையை அந்தப் பக்கத்தில் யார் செய்திருக்க முடியும்? மலக்கிதான். அரிவாளால் தனியாக, இரண்டு நாளில் வெட்டியிருக்கிறார். ஃபெஸ்டி மறுபடி பெட்டியைத் தூக்கும்போது, ஜூன் விசாரணையில் போய், எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டார்.

வளைவு திரும்பினதும் கதவு தெரிந்தது. விரியத் திறந்திருந்தது. உள்ளே கோட்டு போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு மலக்கி நின்றார். கதவுக்கு இந்தப் பக்கம், வலது ஆறு பேர், இடது ஆறு பேர், முகத்துக்கு முகம் பார்த்து, கையை முன்னால் கட்டிக்கொண்டு குழுக்காரர்கள் நின்றார்கள். பன்னிரண்டு மஞ்சள் சட்டை. வெயிலில் கண் கூசியது.

ஃபெஸ்டிக்கு அப்போதுதான் தான் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. கத்தவேண்டும்போல இருந்தது; பிணத்தைத் தோளில் வைத்துக்கொண்டு எப்படிக் கத்துவது? ஓட முடியாது, கையைக் காட்ட முடியாது. ஆறு பேர் நடையில்தான் போக முடியும். இன்னும் முப்பது தப்படி இருக்கும்போது மலக்கி கதவை இழுத்தார். சங்கிலிச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

பெட்டியைப் புல்லில் இறக்கினார்கள். ஃபெஸ்டி போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“மச்சான், மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன்.”

“நாப்பத்திமூணு பொட்டி” என்றார் மலக்கி. குரல் உயரவில்லை. “வருஷம், கிழமை, தூக்கினவன் பேரு எல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கு. நான் சொன்ன மூணு விஷயம் மறந்துபோச்சா?”

“அவங்க மரியாதைக்கு வந்தாங்க. அவ போட்ட சோத்துக்காக.”

“அவ போறதுக்கு வழி கேட்டே. இப்ப அவளையே சாட்சியாக் கூட்டிட்டு வந்திருக்கே.”

கன்செப்டாவுக்கு அப்போதுதான் விளங்கியது. “அய்யோ, எனக்குத் தெரியாதே” என்று சட்டையைத் தலைவழியாகக் கழற்றினாள். மற்றவர்களும் கழற்றிச் சுருட்டிக் கல்சுவருக்குப் பின்னால் எறிந்தார்கள். “பாருங்க மலக்கி, ஒண்ணுமில்ல, ஒருத்தர்கிட்டயும் ஒண்ணுமில்ல. திறங்க.”

“பார்த்தாச்சு, கன்செப்டா. நான் பார்த்தாச்சு.”

பாதிரியார் முன்னால் வந்தார். “மலக்கி, கூடப் பொறந்தவப்பா.”

“தெரியும், சாமி.”

“எடுத்த பொட்டியைத் திருப்பக் கூடாதுடா” என்று கூட்டத்தில் ஒரு கிழவர் கத்தினார். “இந்த மலையில எவனும் திருப்பினதில்ல!” யாரோ ஒரு பையன் சுவரை எட்டிக் குதிக்கலாமே என்றான். கேரோன் சங்கிலியை உற்றுப் பார்த்து, வண்டியில் கம்பி வெட்டுகிற கத்தரி இருக்கிறது என்று ஃபெஸ்டியின் காதில் சொன்னான். வெட்டியிருக்கலாம், நூறு பேருக்கு ஒரு கிழவரைத் தள்ளிவிட்டுப் போக எத்தனை நேரம் ஆகும்? ஃபெஸ்டி மலக்கியின் முகத்தைப் பார்த்தார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது, கை மட்டும் சங்கிலியை விடவில்லை. தான் நினைத்தது தப்பாக இருக்கலாம் என்று மலக்கிக்கே தெரிந்திருந்தது. தெரிந்தும் கதவைத் திறக்க அவரால் முடியவில்லை. அந்த மனுஷனை ஃபெஸ்டிக்கு முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியும்.

“வேண்டாம்” என்றார் ஃபெஸ்டி. “அண்ணன் திறந்துவிட்டுப் போறதாத்தான் அவ கேட்டா. வெட்டிட்டுப் போறதாக் கேக்கல.”

பெட்டியைச் சுற்றி ஆட்கள் குனிந்தார்கள். அப்போது கதவு கொஞ்சமாகத் திறந்தது. ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு. மலக்கி வெளியே வந்தார், திரும்பிச் சங்கிலியை மாட்டிப் பூட்டினார், இழுத்துப் பார்த்தார், சாவியைக் கோட்டுப் பையில் போட்டார். கேரோனின் முதுகைத் தொட்டார். கேரோன் ஒதுங்கிக்கொண்டான்.

ஃபெஸ்டியும் மலக்கியும் ஒரே உயரம். கல்யாணத்தன்றைக்கு அட்ராக்டா அதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறாள். பெட்டி தோளுக்கு ஏறினதும் மலக்கியின் கை வந்து ஃபெஸ்டியின் தோளைப் பிடித்தது, ஃபெஸ்டியின் கை மலக்கியின் தோளைப் பிடித்தது. இறங்க ஆரம்பித்தார்கள். ஏறும்போது இல்லாத கனம் இப்போது இருந்தது.

“மெதுவா” என்றார் மலக்கி. “இறக்கம்.”

கற்குவியல் வந்தது, இறக்குவதா வேண்டாமா என்று ஒருவருக்கும் தெரியாமல் நிற்காமலே தாண்டினார்கள். பலகைக்கு அந்தப் பக்கம், ஃபெஸ்டியின் காதுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் அவள் இருந்தாள். மன்னிச்சிக்கோ என்று ஒரு வார்த்தை மெல்லச் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த காது மலக்கியுடையது. அவரிடம் கேட்பதாகிவிடும். ஃபெஸ்டி வாயை மூடிக்கொண்டு, மச்சானோடு அடி சேர்த்து, வண்டி நிற்கிற இடம் வரைக்கும் நடந்தார்.